'பிளாண்ட்' படத்தை எப்படிப் பார்ப்பது: ஒரு எடிட்டரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து

போன வருடம் மழைக்காலத்தில் என் அண்ணன் மகள் ஒரு மாதம் சாலிகிராமத்தில் என்னோடு தங்கியிருந்தாள். ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "அத்தை, மர்லின் மன்றோவுக்கு இதெல்லாம் நிஜமாவே நடந்துச்சா?" என்று கேட்டாள். அவள் பார்த்து முடித்திருந்த படம் 'பிளாண்ட்'. "எந்தக் காட்சியைக் கேக்குற?" என்றேன். மூன்று காட்சிகளைச் சொன்னாள். வயிற்றிலிருந்த குழந்தை கலைந்துபோவது, கட்டாயப்படுத்திக் கருக்கலைப்பு செய்வது, பழைய காதலன் செத்துவிட்டான் என்று போன் வருவது. இதில் முதலாவது நடந்தது, படத்தில் காட்டிய விதத்தில் இல்லாவிட்டாலும். இரண்டாவதற்கு ஆதாரமே கிடையாது. மூன்றாவது நடந்திருக்கவே முடியாது. மூன்றையும் அவள் ஒரே மாதிரி நம்பியிருந்தாள், மூன்றுக்கும் ஒரே மாதிரி அழுதிருந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தப் படத்தை இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கும், பார்த்துவிட்டுக் குழம்பிப் போயிருப்பவர்களுக்கும் உதவும்.

நான் பத்தொன்பது வருடம் எடிட்டிங் ரூமில் இருந்தவள். முதல் சில வருடங்கள் பிலிமில்தான் வேலை. பிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டுகிற ஸ்டீன்பெக் மெஷினுக்குப் பக்கத்தில் துணி விரித்த ஒரு பெரிய தொட்டி இருக்கும், அதற்கு மேலே ஒரு கம்பி, கம்பியில் வரிசையாக ஊசிகள். வெட்டி எடுத்த துண்டுகளை ஊசிக்கு ஒன்றாக மாட்டித் தொங்கவிடுவோம். டைரக்டர் திடீரென்று "அந்தப் பொண்ணு திரும்பிப் பார்க்குற ஷாட் எங்கம்மா?" என்பார். பிலிம் ஓரத்தில் அச்சடித்திருக்கும் நம்பரைப் பார்த்து அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் ஓடுகிற ரீலைப் போலவே தொங்குகிற துண்டுகளும் எங்களுக்கு மனப்பாடம். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். தொட்டியைப் பார்த்தவளுக்கு என்ன இல்லை என்றும் தெரியும். ஒரு நடிகையின் வாழ்க்கையைக் கற்பனை கலந்து எடுத்த படத்தை அந்தத் தொட்டியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சேர்த்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். விட்டதைக் கண்டுபிடிக்கத்தான் உழைக்க வேண்டும், அநியாயமும் அங்கேதான் அதிகம் நடக்கிறது.

முதலில், பார்க்கப் போவது எந்த வகைப் படம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2000-ல் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் ஒரு நாவல் எழுதினார். அது வாழ்க்கை வரலாறு அல்ல, கற்பனைப் படைப்பு என்று அந்தப் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த நாவலை வைத்து ஆண்ட்ரூ டொமினிக் இயக்கிய படம் இது. 2022 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் காட்டிவிட்டு, அதே மாதம் 28-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. ஆக, மர்லினின் வாழ்க்கை நாவலாக ஒரு கை மாறி, படமாக இன்னொரு கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது. நாயகியாக நடித்த அனா டி அர்மாஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதே படத்துக்கு அந்த வருடத்தின் மோசமான படம் என்ற ராஸி பட்டமும் கிடைத்தது. அந்தப் பெண்ணின் உழைப்பை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முகத்தில் ஒவ்வொரு தசையும் வேலை செய்கிறது.

அமெரிக்காவில் 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களை அனுமதிக்கக் கூடாத என்சி-17 சான்றிதழ் பெற்ற படம் இது. வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள். பலாத்காரம் வருகிறது, கருக்கலைப்பு வருகிறது, கருவிலிருக்கும் குழந்தை அம்மாவிடம் பேசுவது போலவும் ஒரு காட்சி வருகிறது. அந்தக் காட்சியை அமெரிக்காவில் பெண்கள் நலனுக்காக வேலை செய்யும் அமைப்பே கண்டித்தது. கரு கலைந்து அந்த வேதனையைப் பட்ட பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாண்டிப் போவதில் ஒரு தப்பும் இல்லை.

அப்புறம், படத்துக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் இந்தத் தேதிகளைக் கையால் எழுதுங்கள். கையால் எழுதினால்தான் படம் ஓடும்போது ஞாபகத்துக்கு வரும். 1926 ஜூன் 1, லாஸ் ஏஞ்சல்ஸில் நார்மா ஜீன் பிறந்தது; மர்லினின் முதல் பெயர் அதுதான். 1942 ஜூனில், பதினாறு வயது முடிந்த சில நாட்களில், ஜேம்ஸ் டோஹர்டியோடு கல்யாணம். 1946-ல் ஃபாக்ஸ் என்கிற சினிமா கம்பெனியில் முதல் ஒப்பந்தம், மர்லின் மன்றோ என்ற புதுப் பெயர். 1954 ஜனவரியில் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவோடு கல்யாணம், அக்டோபரில் பிரிவு. 1955-ல் சொந்தக் கம்பெனி. 1956 ஜூனில் நாடகாசிரியர் ஆர்தர் மில்லரோடு கல்யாணம், 1961 ஜனவரியில் விவாகரத்து. 1962 ஆகஸ்ட் 4 ராத்திரி, 36 வயதில் மரணம். இவ்வளவு போதும்.

இன்னொன்றும் செய்யுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிஜ மர்லினை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் பிறகு இந்தப் படத்துக்கு வாருங்கள். 1959-ல் வந்த 'சம் லைக் இட் ஹாட்' போதும். ரயிலில் ஆடிப் பாடுகிற இடத்தைப் பாருங்கள். இசையின் அடிக்கு அரை நொடி முன்னாலோ பின்னாலோ ஒரு பார்வை விழும். எடிட்டருக்கு அது வரம், எங்கே வெட்ட வேண்டும் என்று நடிகையே சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அந்தப் படத்துக்குக் கோல்டன் குளோப் வாங்கினார். நகைச்சுவையில் இவ்வளவு கணக்கு தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு 'பிளாண்ட்' பார்த்தால், கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தில் அவர் எத்தனை தடவை மனம் விட்டுச் சிரிக்கிறார் என்று உங்களையும் அறியாமல் எண்ணத் தொடங்குவீர்கள்.

படம் பார்க்கும்போது இரண்டு நாளாகப் பிரித்து, பகலில் பாருங்கள். ராத்திரி தனியாகப் பார்த்தால் கேள்வி கேட்கிற புத்தி தூங்கிவிடும். பக்கத்தில் நோட்டு வேண்டும். காட்சிக்கு ஒரு வரி எழுதி, ஓரத்தில் மூன்று குறிகளில் ஒன்றைப் போடுங்கள். பதிவு இருந்தால் 'சரி'. கூட இருந்தவர்கள் சொல்லியிருந்தால் கேள்விக்குறி. யாருமே பார்த்திருக்க முடியாதது என்றால் ஒரு வட்டம். நாலு சுவருக்குள் இரண்டே பேர் இருக்கிற காட்சி என்றால் யோசிக்காமல் வட்டம் போடலாம். அந்த இரண்டு பேரில் ஒருவர் எழுதி வைத்திருந்தால் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்விக்குறிக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். டிமாஜியோ அடிக்கிற காட்சி. கூட இருந்த சிலர் பிற்காலத்தில் அப்படிச் சொன்னார்கள். விவாகரத்து மனுவில் இருந்தது மனரீதியான கொடுமை என்ற காரணம். அதனால் 'சரி' போட மாட்டேன், வட்டமும் போட மாட்டேன். அதிபர் கென்னடியோடு வருகிற அந்த ஹோட்டல் அறைக் காட்சி? 1962 மே 19-ம் தேதி மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருக்காகப் பிறந்தநாள் பாட்டுப் பாடியதற்கு 'சரி'. அறைக்குள் நடப்பதாகக் காட்டியதற்கு வட்டம், பெரிய வட்டம்.

இனி சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தப் படத்தின் மொத்த சாமர்த்தியமும் இங்கேதான் இருக்கிறது.

படம் நெடுகிலும் கறுப்பு வெள்ளை கலராக மாறும், கலர் கறுப்பு வெள்ளையாக மாறும். திரையின் அகலம்கூடச் சட்டென்று சதுரமாகும், மறுபடி நீளும். ஏன் என்று முதலில் புரியாது. உலகம் பூராவும் தெரிந்த மர்லின் புகைப்படங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை அப்படியே உயிரோடு எழுப்பியிருக்கிறார்கள். அதே உடை, அதே வெளிச்சம், அதே கோணம். நாம் எங்கேயோ காலண்டரில் பார்த்த படம் அசையத் தொடங்கினால் மனசு என்ன சொல்லும்? இது உண்மை என்று சொல்லும். அதற்கு அடுத்த வெட்டில் நாவலாசிரியர் கற்பனை செய்த காட்சி ஒட்டியிருக்கும். எடிட்டிங்கின் முதல் பாடமே இதுதான்: இரண்டு துண்டுகளை ஒட்டினால் பார்ப்பவர் அவற்றுக்கு நடுவில் ஒரு உறவைத் தானே உண்டாக்கிக்கொள்வார். பசை டேப்பில் இல்லை, பார்ப்பவர் மனசில் இருக்கிறது. உண்மைத் துண்டின் நம்பகம் பக்கத்துத் துண்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளை கவுன் காற்றில் பறக்கிற அந்தப் புகைப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 செப்டம்பரில், நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில், நடுராத்திரிக்கு மேல், நூற்றுக்கணக்கான ஆண்கள் சுற்றி நிற்க, 'தி செவன் இயர் இட்ச்' படப்பிடிப்பில் எடுத்தது. ஆனால் அந்தக் காட்சியைப் பிறகு ஸ்டூடியோவில் செட் போட்டு மறுபடி எடுத்தார்கள். ஒரு புகைப்படம் ஒரு கணத்துக்கு மட்டும்தான் சாட்சி. அதற்கு முந்தின நிமிடத்துக்கும் பிந்தின நிமிடத்துக்கும் அது சாட்சி சொல்லாது. அதனால் திரை சதுரமாகும்போதோ நிறம் மாறும்போதோ நோட்டில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அடுத்து வருகிற காட்சியை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். என் அண்ணன் மகள் இரண்டாவது தடவை பார்த்தபோது இதை மட்டும்தான் செய்தாள். ஒரு மணி நேரத்தில் பக்கம் முழுக்கக் கோடு.

தேதியை வைத்தே உடைக்கக் கூடிய காட்சிகளும் உண்டு. படத்தில் சார்லி சாப்ளினின் மகன் காஸ், ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனின் மகன் எட்டி, இருவரோடும் மர்லின் சேர்ந்து வாழ்வதாக வருகிறது. இரண்டு பேரும் நிஜ மனிதர்கள், மூவரின் அந்த வாழ்க்கை கற்பனை. கடைசியில் காஸ் இறந்துவிட்டதாக மர்லினுக்கு போன் வருகிறது. அப்பா எழுதியதாக அவர் நம்பியிருந்த கடிதங்களை எழுதியது காஸ்தான் என்று அதன் பிறகு தெரிகிறது. அந்த அடிதான் அவரைச் சாவுக்குத் தள்ளுவதாகப் படம் காட்டுகிறது. நிஜத்தில் காஸ், அதாவது இளைய சாப்ளின், இறந்தது 1968-ல், மர்லின் போய் ஆறு வருடம் கழித்து. படத்தின் உச்சக்கட்டமே நிற்பதற்குத் தரை இல்லாத இடத்தில் நிற்கிறது. இதைச் சொன்னதும் அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அந்த அப்பா விஷயமும் அப்படித்தான். புருஷனைக்கூட 'டாடி' என்று கூப்பிட்டுக்கொண்டு, வாழ்நாள் முழுக்க முகம் தெரியாத அப்பாவைத் தேடுகிற குழந்தையாகவே படம் அவரை வைத்திருக்கிறது. அப்பா யார் என்பது சார்லஸ் ஸ்டான்லி கிஃபோர்ட் என்று 2022-ல், படம் வந்த அதே வருடம், மரபணுச் சோதனையில் உறுதியானது. மர்லினின் அம்மா கிளாடிஸ் வேலை பார்த்த இடத்தில் கூட வேலை பார்த்தவர் அவர்.

படம் முடிந்ததும் நோட்டில் புதுப் பக்கம் திருப்புங்கள். தலைப்பு: தொட்டியில் என்ன இருக்கிறது? உங்கள் தேதித் தாளை எடுத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். படத்தில் வராத வரியையெல்லாம் இங்கே எழுதுங்கள். 1942 கல்யாணம் எங்கே? காணோம். குழந்தைப் பருவத்திலிருந்து நேராகப் பத்திரிகை அட்டைக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு நடுவில் அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? யுத்த காலத்தில், கணவர் கடலில் இருக்கும்போது, வான் நைஸில் ஆளில்லாக் குட்டி விமானங்கள் செய்கிற ரேடியோபிளேன் தொழிற்சாலையில் கூலி வேலை. அங்கே படம் எடுக்க வந்த ராணுவப் புகைப்படக்காரர் கண்ணில் பட்டுத்தான் மாடலிங்குக்கு வந்தார். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து வேலைக்கு வந்தவர்.

அக்கா எங்கே? அம்மாவின் முதல் கல்யாணத்தில் பிறந்த பெர்னிஸ் என்று ஒரு அக்கா உண்டு. 1944-ல் டெட்ராய்ட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், உயிலில் அக்காவுக்கு 10,000 டாலர் எழுதியிருக்கிறார். அம்மாவின் பராமரிப்புக்கும் வருடாவருடம் பணம் போக ஏற்பாடு செய்திருக்கிறார். பிறந்த சில நாளிலிருந்து ஏழு வயது வரை ஹாதோர்னில் வளர்த்த போலெண்டர் குடும்பமும் படத்தில் இல்லை. யாருமே இல்லாத ஒருத்தி என்று காட்ட வேண்டும் என்றால் இத்தனை பேரை வெட்டியாக வேண்டும்.

தொட்டியில் இருப்பதிலேயே கனமான துண்டு கம்பெனி. 1954 கடைசியில் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க் போய், புகைப்படக்காரர் மில்டன் கிரீனோடு சேர்ந்து மர்லின் மன்றோ புரொடக்ஷன்ஸ் ஆரம்பித்தார். 1955 ஜனவரியில் அறிவித்தார்கள். பங்கு மர்லினுக்கு 51, கிரீனுக்கு 49. இந்த இரண்டு எண்ணையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி வைத்திருக்கலாமே, அந்த ஒரு சதவீதத்தை யாரோ உட்கார்ந்து யோசித்துத்தானே வைத்திருக்க வேண்டும்? ஃபாக்ஸ் கம்பெனி ஒரு வருடம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் 1955 டிசம்பர் 31-ம் தேதி இறங்கி வந்தது. புது ஒப்பந்தப்படி ஏழு வருடத்தில் நாலு படம், படத்துக்கு 1,00,000 டாலர். டைரக்டர் யார், கேமராமேன் யார் என்பதில் மர்லினுக்குச் சொல்லும் உரிமை. 1957-ல் லாரன்ஸ் ஒலிவியரோடு நடித்த படம் அவருடைய சொந்தக் கம்பெனித் தயாரிப்பு. ஸ்டூடியோக்கள் நடிகர்களைச் சம்பளத்துக்குக் கட்டிப்போட்டிருந்த காலம் அது. நான் இருந்த எடிட்டிங் ரூமில் எத்தனையோ நடிகைகள் டப்பிங்குக்கு வந்து போவார்கள், சம்பள பாக்கி கேட்க முடியாமல் வாசலில் நிற்பார்கள். அதைப் பார்த்தவள் என்பதால் இந்த 51-ஐப் படித்த அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது. படத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

அம்மாவையும் பாருங்கள். படத்தில் கிளாடிஸ் பைத்தியம் பிடித்தவராக மட்டும் வருகிறார். 1934-ல் மனநோய் வந்து மருத்துவமனைக்குப் போனது உண்மை. அதற்கு முன்னால் கன்சாலிடேட்டட் லேபில் நெகட்டிவ் வெட்டுகிற வேலை பார்த்தார். வெள்ளைக் கையுறை போட்டு, தூசி படாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்கிற வேலை அது. பாஸிட்டிவில் தப்பு செய்தால் இன்னொரு பிரிண்ட் போடலாம். நெகட்டிவில் கத்தரி தவறினால் போனது போனதுதான். அந்தக் கையுறையை நானும் போட்டிருக்கிறேன். அதனால் கிளாடிஸை வெறும் பைத்தியமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

விட்டதையெல்லாம் எழுதிய பிறகு, கேள்விக்குறிகளைத் தீர்க்க உட்காருங்கள். எதை எவ்வளவு நம்புவது என்று நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் அவர் கைப்பட எழுதியது; அவருடைய குறிப்புகளும் கவிதைகளும் 2010-ல் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அடுத்து ஒப்பந்தம், உயில், நீதிமன்றப் பதிவு மாதிரி காகிதங்கள். அடுத்து அந்த நேரத்திலேயே கூட இருந்தவர் சொன்னது. கடைசியில், இருபது முப்பது வருடம் கழித்து "எனக்கும் மர்லினுக்கும்" என்று ஆரம்பிக்கிற புத்தகங்கள். கரு கலைந்த விஷயத்தில் பதிவு தெளிவாக இருக்கிறது: 1957 ஆகஸ்டில் கருக்குழாயில் தங்கிய கரு, 1958 டிசம்பரில் ஒரு கருச்சிதைவு, அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்கிற நோய் இருந்தது. கடற்கரையில் தடுக்கி விழுவது படம் சேர்த்தது. மரணத்தைப் பொறுத்தவரை, தூக்க மருந்துகள் அளவுக்கு மீறிப் போனது காரணம், தற்கொலையாக இருக்கலாம் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் அதிகாரிகளின் முடிவு. கொலை என்று கதை கட்டுகிறவர்கள் அன்றிலிருந்து இருக்கிறார்கள். நோட்டில் அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

"இப்படி எடுக்க எப்படி விட்டாங்க?" என்று அவள் கேட்டாள். அமெரிக்கச் சட்டத்தில், இறந்துபோனவரை அவதூறு செய்ததாகப் பொதுவாக யாரும் வழக்குப் போட முடியாது. பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும் உரிமை பற்றியும் ஒரு வழக்கு நடந்தது. இறக்கும்போது அவர் நியூயார்க்வாசி, அந்த மாநிலச் சட்டப்படி அந்த உரிமை மரணத்தோடு முடிந்துவிட்டது என்று 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் ஊர்க் கதைக்கும் இதே நோட்டு உதவும். சில்க் ஸ்மிதாவை மனதில் வைத்து எடுத்ததாகப் பேசப்பட்ட இந்திப் படம் 2011 டிசம்பர் 2-ம் தேதி வந்தது, அவருடைய பிறந்த நாளில். பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர் "ஸ்மிதா இப்படித்தானாம்" என்று சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படத்துக்கும் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் 1980 'வண்டிச்சக்கரம்' தொடங்கி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஷிப்ட் உழைத்த ஒருத்தியின் வருடங்கள் இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து அதையும் எழுதிப் பாருங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று. நோட்டை மூடுவதற்கு முன்னால் 1954 பிப்ரவரியில் மர்லின் கொரியா போன செய்திப்படத்தைத் தேடிப் பாருங்கள். நாலு நாளில் 60,000-க்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள் முன்னால் பாடினார். கீழே இருப்பவர்கள் கனத்த கோட்டும் தொப்பியும் போட்டிருக்கிறார்கள், மேடையில் இவர் மட்டும் தோள் மூடாத மெல்லிய கவுனில். குளிரைக் காட்டிக்கொள்ளவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார்த்தோம், அப்புறம் சத்தத்தோடு ஒரு தடவை. "இது படத்துல வருதா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே அவள் பேனாவை எடுத்தாள், தொட்டிப் பக்கத்தைத் திருப்பினாள்.